போட்டி நாள் சவரம்

மதுரைவீரன் இறந்தது அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில், லோடர் வண்டியின் இருக்கையில். மாரடைப்பு. வயது நாற்பத்தைந்து. முன்பக்கத்து வாளி பாதி உயர்ந்தபடி வண்டி நின்றிருந்தது. டிப்பர் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், பிறகுதான் இறங்கிப் போனார். மனைவி ஜானகி ஒரு வருடம் முன்பே போய்விட்டாள். அவளுக்குச் சிறுநீரகம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைப் பற்றி இரண்டு விஷயம் பேசினார்கள். ஒன்று, ஒரு காலத்தில் பாக்ஸிங்கில் பெரிய ஆள். இன்னொன்று, பெண்டாட்டி வயிற்றில் இருந்த பிள்ளையைச் சவரம் பண்ணிக் கொன்றவர். முதலாவதைச் சத்தமாகவும் இரண்டாவதைக் குரலைத் தாழ்த்தியும் சொன்னார்கள்.

முதலாவது உண்மை.

ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காடுகளில் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. பத்தாவது முடித்ததும் அரியலூருக்கு வந்து குவாரியில் கிளீனராகச் சேர்ந்தார். வண்டி துடைத்துக்கொண்டே லோடர் ஓட்டக் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி, லாவண்யா பிறந்து, அவளுக்கு மூன்று வயது ஆகும் வரை பாக்ஸிங் என்றால் டிவியில் வருவது என்பதுதான் அவருக்குத் தெரியும். லோடருக்கு ஆயில் ஹோஸ் வாங்கி வரச்சொல்லி ஒருநாள் பெரம்பலூருக்கு அனுப்பினார்கள். கடை பூட்டியிருந்தது. பொழுது போகாமல் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தார். உள்ளே ஒரு ஷெட்டில் நாலைந்து பேர் தொங்கும் பையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று பார்த்தவரை உள்ளிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"என்னண்ணே, டிக்கெட் எடுத்துட்டா பாக்குறீங்க? உள்ள வாங்க."

அவர்தான் முகமது அனஸ். லப்பைக்குடிகாட்டுக்காரர், மதுரைவீரனுக்கு ஒரு வயது இளையவர். ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் போய், தங்கியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஜிம்மில் பாக்ஸிங் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பிப் பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருந்தார். மாலையானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்துவிடுவார். அவர் போட்டியில் இறங்குவதில்லை. தாடி வைத்தவர்களை ரிங்கில் ஏற்ற மாட்டார்கள் என்பது அப்போதைய விதி. தாடி உரசினால் எதிராளியின் கண்ணுக்கு ஆகாது, அடிபட்ட இடமும் மறைந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். அனஸ் தாடியை எடுக்கச் சம்மதிக்கவில்லை. "எனக்கு ரெண்டுல ஒண்ணுன்னு ஆயிடுச்சு. தாடிய வச்சுக்கிட்டேன், அடிய உங்களுக்கு விட்டுட்டேன்" என்பார்.

இருபத்தாறு வயதில் தொடங்குவது தாமதம். மதுரைவீரனுக்கும் அது தெரியும். ஷிப்ட் முடிந்ததும் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். தலைமுடியில் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கையில் துணி சுற்றும்போதே தூங்கிவிழுவார். ஆனால் ரிங்கில் ஏறிவிட்டால் வேறு ஆள். கயிற்றுக்குள் வந்தவன் எந்தத் தெருக்காரன் என்று நடுவர் கேட்பதில்லை. எதிரில் நிற்பவன் கை குலுக்கித்தான் ஆக வேண்டும். அடித்தால் திருப்பி அடிக்கலாம், அதற்குப் பிறகு யாரும் வீடு தேடி வருவதில்லை. அவர் அப்பாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. "நாம வாங்குனதெல்லாம் பத்தாதுன்னு பஸ்ஸு ஏறிப் போயி வாங்கிட்டு வர்றியா?" என்று கேட்டார்.

மதுரைவீரனின் குறை இடது கை. குத்திய கை முகத்துக்குத் திரும்பி வராமல் கீழே தொங்கிவிடும்.

"குத்துன கை நேரா வூட்டுக்கு வரணும் வீரா" என்பார் அனஸ். "உன் கை எங்க போவுது? டீ குடிக்கவா?"

"லோடர் லிவர புடிச்சுப் புடிச்சுப் பழகிடுச்சு பாய். கீழயே போவுது."

"எதிர்ல நிக்கிறவன்கிட்ட அதச் சொல்லிப் பாரு. அய்யோ பாவம்னு விட்டுருவான்."

மாவட்ட அளவில் பலமுறை ஜெயித்தார். அதற்கு மேல் மண்டலப் போட்டி. அதில் ஜெயித்தால் மாநிலம். மண்டலத்தில் எப்போதும் ஏதாவது வந்து மறித்தது. ஒரு வருடம் எடை கூடிப்போனது. ஒரு வருடம் போட்டிக்கு முதல் நாள் அப்பா இறந்தார். இரண்டு முறை முதல் சண்டையிலேயே தோற்றார், இடது கை கீழே இருந்ததால். முப்பத்தைந்து வயதில் மறுபடி மாவட்டத்தில் ஜெயித்தபோது, போட்டியை நடத்துகிறவர்கள் மரியாதையாகவே சொன்னார்கள்: "இந்த வருஷம் போயிட்டு வாங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து சின்னப் பசங்கள அனுப்பலாம்னு இருக்கோம்." விதிப்படி நாற்பது வரை ஆடலாம். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. மாநிலப் போட்டியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏற வேண்டும். ஜெயிப்பது கூட இல்லை, ஏற வேண்டும். அந்த வருடங்களில் அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அந்த வருடம் ஜானகி மாசமாக இருந்தாள். லாவண்யாவுக்குப் பன்னிரண்டு வயது. இத்தனை வருடம் கழித்து வந்த பிள்ளை. ஜானகியின் அம்மா இருசம்மாள் ஆண்டிமடத்திலிருந்து வந்து கூடவே தங்கிவிட்டார். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பாம்பை அடிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஜானகி இதில் கண்டிப்பானவள். குவாரியில் ஹெல்மெட் போட்டால் தாடி அரிக்கிறது என்று ஒருமுறை அவர் சொன்னதற்கு, "சொறிஞ்சுக்குங்க. கத்தி மட்டும் படக் கூடாது" என்றாள்.

மாவட்டத் தேர்வில் அவர் ஒட்ட நறுக்கிய தாடியோடுதான் ஏறினார். நடுவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். "வூட்டுல விசேஷமா?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அனஸ் அதை வைத்துக் கணக்குப் போட்டார். "கத்திதான படக் கூடாது? மெஷின்ல ஒட்ட நறுக்கிட்டு வா. மண்டலத்துலயும் பேசிக்கலாம்." அவர்கள் செய்த தவறு இதுதான். உள்ளூரில் செல்லுபடியானது வெளியாளிடமும் செல்லும் என்று நினைத்தார்கள்.

மண்டலப் போட்டி பெரம்பலூரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எடை பார்த்தார்கள், சரியாக இருந்தது. டாக்டர் நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கையெழுத்துப் போடும் மேசையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு நடுவர் உட்கார்ந்திருந்தார். மதுரைவீரனின் முகவாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"வீட்டுல மாசமா இருக்காங்க சார்."

"நல்ல விஷயம். எடுத்துட்டு வாங்க."

அனஸ் நடுவில் புகுந்தார். "சார், ஒரு நாள் முடி அளவுக்குக் கூட இல்ல சார். மாவட்டத்துல விட்டாங்க."

"உங்க தாடிக்கும் சேத்துப் பேசுறீங்களா?"

"நான் ஏறலியே சார். தண்ணி குடுக்குற ஆளு."

நடுவர் சிரித்தார். ஆனால் பேனாவை மூடி வைத்தார். "நான் இன்னிக்கு இவர விட்டா, தோக்குறவன் வந்து கேப்பான். சவரம் பண்ணிட்டு வாங்க. இல்லன்னா எதிராளி ஜெயிச்சதா எழுதிடுவேன். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

ஸ்டேடியத்து வாசலில் நின்று மதுரைவீரன் ஜானகிக்குப் போன் செய்தார். எடுக்காதீங்க என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்றுதான் நினைத்திருந்தார். கோபப்படுவாள், போனை அம்மாவிடம் கொடுப்பாள் என்றும் எதிர்பார்த்தார்.

"தாடிய எடுத்தாதான் ஏத்துவாங்களாம் ஜானகி. நான் வந்துடட்டுமா?"

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார்.

"எடுங்க" என்றாள்.

"என்னது?"

"எடுத்துட்டு ஏறுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு. எடுங்க."

புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சலூனில் உட்கார்ந்தார். சோப்பு நுரை தடவி, பிளேடு மாற்றி, மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. கண்ணாடியில் தெரிந்த முகத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அனஸ் வாசலிலேயே நின்றிருந்தார்.

அவர் எடைப் பிரிவில் வந்திருந்தது இரண்டே பேர். எதிராளி திருச்சிப் பையன். நல்ல உயரம், நீளமான கை. முதல் ரவுண்டில் மதுரைவீரன் நிறைய வாங்கினார். புதிதாக மழித்த தோலில் கிளவுஸ் உரசும்போதெல்லாம் தீப்பட்டது போல் எரிந்தது. வியர்வை இறங்கினால் இன்னும் எரிந்தது. அந்த எரிச்சல் ஒரு வேலை செய்தது. இடது கை தானாக முகத்துக்கு வந்து நின்றுகொண்டது. அத்தனை வருடம் அனஸ் கத்திக் கத்தியும் வராத கை. இரண்டாவது ரவுண்டில் பையன் மூச்சு வாங்கத் தொடங்கினான். மூன்றாவதில் அவன் வலது பக்கம் திறக்கும் போதெல்லாம் மதுரைவீரன் உள்ளே போய் விலாவில் இரண்டு, முகவாயில் ஒன்று என்று கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கடைசி மணி அடித்தபோது பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவர் தூக்கியது மதுரைவீரனின் கையை.

அவர் வாழ்க்கையில் சுத்தமாக ஆடிய சண்டை அது ஒன்றுதான். அனஸ் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே, "மாநிலம்டா வீரா" என்றார். அழுதார். அப்போது பையில் இருந்த போன் அடித்தது.

இருசம்மாள். "வலி எடுத்துடுச்சு மாப்ள. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். வாங்க."

பஸ்ஸில் அவர் உட்காரவில்லை. அரியலூரில் இறங்கி வார்டு வாசலுக்குப் போனபோது விளக்கு வைக்கும் நேரம். இருசம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"எங்க மாப்ள தாடி?"

அவர் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளப் புள்ள" என்றார் இருசம்மாள். "பொறக்கும்போதே இல்ல."

பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் நாலு பேரோடு மறுநாள் காலையில் ஓடைக்கரையில் குழி வெட்டினார்கள். மண்ணில் வைக்கும் முன் துணியைப் பிரித்து அவர் ஒருவர்தான் பார்த்தார். மற்றவர்கள் திரும்பி நின்றார்கள். பிள்ளையின் தோல் பல இடங்களில் கொப்புளம் உடைந்தது போல் உரிந்திருந்தது. காலைத் தொட்டபோது கொஞ்சம் அவர் விரலோடு வந்தது. கன்னத்திலும் அப்படித்தான், சவரம் செய்தது போல. அவர் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. துணியை மூடினார். யாரிடமும் சொல்லவில்லை. சாட்சி வேண்டியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி என்ன.

ஜானகி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருசம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "பத்து நாள் பொறுக்க முடியல. பந்தயத்துக்குப் போறேன்னு மழிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. எம்மவ எத்தன கட்டுப்பாடா இருந்தா." ஜானகிக்கு அது கேட்கும். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று அவள் சொல்வாள் என்று மதுரைவீரன் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவளிடம் அதை எப்படிக் கேட்பது என்று அவரும் விட்டுவிட்டார். பிறகு ஊரும் அதையே சொன்னது. வருடம் போகப் போக அவருக்கே அந்தப் போன் பேச்சு நிஜமாக நடந்ததா என்று சந்தேகம் வந்தது.

மாநிலப் போட்டிக்கு அவர் போகவில்லை. கிளவுஸை அனஸ் கடையில் கொண்டுபோய் வைத்தார். "கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துக்க" என்றார் அனஸ். "வேணாம் பாய்" என்றார் அவர். அதன்பிறகு அவர் முகத்தில் கத்தி படவே இல்லை. அனஸைப் போலவே நீளமாக வளர்ந்தது. குவாரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரையும் பாய் என்று கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை.

எட்டு வருடம் போனது. லாவண்யா பிளஸ் டூ முடித்து, ரேடியாலஜி டிப்ளமோ படித்து, பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தாள். ஸ்கேன் பார்ப்பது டாக்டர். ஆட்களைப் படுக்க வைப்பது, ஜெல் தடவுவது, டாக்டர் சொல்வதை டைப் செய்வது அவள் வேலை. மதுரைவீரன் லீவு நாட்களில் மாலையில் போய் அவளைக் கூட்டி வருவார். சென்டர் வாசலில் ஒரு டீக்கடை. அன்று அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்ன பாப்பா?"

"இன்னிக்கு ஒரு அக்கா வந்துச்சுப்பா. ஒன்பதாம் மாசம். புள்ள அசையலன்னு. உள்ளயே இறந்து மூணு நாள் ஆயிருக்கும்னாங்க டாக்டர். தல எலும்பெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்துச்சு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன நாள்னு கண்டுபுடிக்க முடியுமா?"

"ஓரளவுக்கு. ஸ்கேன்ல தெரியும். பொறந்த பொறவு பாத்தாலும் தெரியும். தோல் உரிஞ்சிருக்கும்."

"தோலா?"

"ஆமா. உள்ள தண்ணியிலயே கெடக்குறதால ஊறி உரிய ஆரம்பிச்சுடும். கொப்புளம் மாதிரி வரும். ஏம்ப்பா?"

அவர் சொன்னார். ஓடைக்கரை, துணி, விரலோடு வந்த தோல், கன்னம். எட்டு வருடத்தில் முதல்முறையாக வாய் திறந்து. முடித்ததும் லாவண்யா மெஷின் முன்னால் நிற்கும்போது கேட்பது போலக் கேட்டாள்.

"சவரம் எப்ப பண்ணீங்க?"

"காலையில. சண்டைக்கு முன்னாடி."

"தம்பி பொறந்தது?"

"அன்னிக்கு சாயங்காலம்."

"அரை நாள்ல அவ்வளவு உரியாதுப்பா. ரெண்டு நாள், மூணு நாள் ஆயிருக்கணும். நீங்க சலூன்ல உக்காரும்போதே தம்பி இல்ல." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லப்பா. சவரம்லாம் ஒரு காரணமே இல்லங்கிறது வேற. அப்படியே இருந்தாலும் நீங்க இல்ல."

அவர் முகம் தெளியும் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள். அது தெளியவில்லை. ஒரு குத்தை எதிர்பார்த்து முகத்தை மூடியவனுக்கு அடுத்தது விலாவில் இறங்குவது போல் அவருக்கு அந்தக் கணக்கு இறங்கியது. ரெண்டு நாள், மூணு நாள். அப்படியென்றால் வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை ஜானகி சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகப் போய்வந்தாள். நிறைமாதத்தில் பஸ் குலுக்கல் எதற்கு என்று அவர் தடுத்தும் கேட்கவில்லை. நான் ஜெயிக்க வேண்டிக்கொண்டு வந்தாயா என்று அவர் கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று இரவு வழக்கம்போல் வயிற்றில் கை வைக்கப் போனபோது, "தூங்குதுங்க, எழுப்பாதீங்க" என்று கையை விலக்கினாள். பிறகு அந்தப் போன். எடுங்க.

சொல்லியிருந்தால் அவர் போட்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார். அதற்காகத்தான் அவள் சொல்லவில்லை. அல்லது சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் பாதி தெரிந்துதான் இருக்கும். இனி எந்தக் கத்தி பட்டால் என்ன.

லாவண்யாவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாள். "அப்பா, அப்ப அம்மாவுக்கு அசைவு நின்னது..."

"அம்மாகிட்ட கேக்காத."

"இல்லப்பா, எட்டு வருஷமா ஊரே உங்கள..."

"பழகிப்போச்சு பாப்பா. அவளுக்குப் பழக்கம் கெடையாது. தாங்க மாட்டா." டீக்குக் காசு கொடுத்தார். "பஸ்ஸு வந்துடும், வா."

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருசம்மாள் ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டு சக்தி வந்தான். மினி லாரி ஓட்டுகிறவன், மனைவி ஆறு மாசம். கல்லூரிப் பஸ்ஸுக்கு டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், முகத்தை மழித்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டான்.

"இதோ உக்காந்திருக்காரே, இவரக் கேளு" என்றார் இருசம்மாள். "இவரு சொல்லுவாரு, மழிச்சா என்ன ஆவும்னு."

லாவண்யா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். மதுரைவீரன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சக்தியிடம், "எடுத்துட்டுப் போ. ஒண்ணும் ஆவாது" என்றார்.

"ஆவாதா?" என்றார் இருசம்மாள். "அப்ப எம் பேரன் எப்படிப் போனான்?"

ஜானகி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"தாடியால போவல அத்த. நான் வூட்ல இருந்திருக்கணும். பந்தயம் பந்தயம்னு அலைஞ்சேன். நெறமாசத்துக்காரிய உக்கார வச்சு என்ன பண்ணுது, ஏது பண்ணுதுன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கலாம். அது என் தப்புதான். அவன் சவரம் பண்ணிக்கட்டும், பொண்டாட்டிய மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."

அப்போது ஜானகி பேசினாள். அம்மாவைப் பார்த்து அல்ல, கரண்டியைப் பார்த்து.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"என்னடி?"

"போன்ல கேட்டாரு. வந்துடவான்னு கேட்டாரு. நான்தான் எடுத்துட்டு ஏறச் சொன்னேன்."

இருசம்மாள் மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊர் தொடர்ந்து எடுத்தது. ஊருக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

ஜானகி அன்று சொன்னது பாதிதான். அடுத்த வருடம் அவளுக்குக் கால் வீங்கியது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸுக்குப் பெரம்பலூர் போய்வர வேண்டியிருந்தது. அவர்தான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட்டிப் போவார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பெரும்பாலும் கண்ணை மூடியே இருப்பாள். ஒருநாள் மூடிய கண்ணோடு பேசினாள்.

"ஏங்க. அந்த வியாழக்கிழமையே அசைவு..."

"தெரியும்" என்றார்.

அவள் எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கத்தைக் காட்டி, வெயில் அடிக்கிறது, இடம் மாறி உட்காரலாமா என்றாள். மாறி உட்கார்ந்தார்கள்.